உழைக்கும் கை

திண்டுக்கல் நகருக்கு அணியாய் நிற்பது மலைக்கோட்டை. அந்நகரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது பூட்டு. பெரும்பாலும் கையாலேயே செய்யப்பெறும் அப்பூட்டு, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டுக்குப் பெருமை கிடைத்தது. அதனைச் செய்யும் கைக்கு நேரக்கூடிய துன்பத்தை அறிந்தவர் எத்தனை பேர்?

பூட்டுப் பட்டறையினுள் நுழைவோர் செவியில் முதலில் விழுவது சுத்தியலின் ஓசை. தொழிலாளர் தகட்டை வெட்டுகிறார், துளையிடுகிறார், அரத்தால் அராவுகிறார், சாவி இசைவாய்த் திரும்பும் வரை மீண்டும் மீண்டும் தேய்க்கிறார். ஒரே அசைவை ஒரு நாளில் எத்தனை முறை அக்கை செய்கிறது என்பதை எவரும் எண்ணுவதில்லை.

மணிக்கட்டின் உட்புறத்தில் குறுகிய வழி ஒன்று உண்டு. அதன் அடியில் சிற்றெலும்புகளும் மேலே உறுதியான நார்ப்பட்டை ஒன்றும் உள்ளன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அவ்வழியே செல்கின்றன. மணிக்கட்டை வளைத்து வலிந்து நெடுநேரம் உழைத்தாலும், அதிரும் கருவிகளை இடைவிடாது பிடித்தாலும் அவ்வழி நெருங்கி, நரம்பு அழுத்தமுறும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன மரத்துப் போகும். இரவில் ஊசி குத்துவது போன்ற வலி உறக்கத்தைக் கெடுக்கும். நாளடைவில் பெருவிரலின் அடித்தசை மெலிந்து, அரத்தைப் பிடிக்கவும் வலுவற்றுப் போகும். மருத்துவர் இதனைக் கார்ப்பல் டனல் நோய் என்பர். மணிக்கட்டுக் குகை நோய் எனத் தமிழில் கூறலாம்.

கையே முதலாக வாழ்பவரின் கை ஓய்ந்தால் குடும்பம் என்னாகும்? இவ்வினாவுக்கு விடையாகவே 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் காயத்திற்கு முதலாளி ஈடு தருதல் கடமையாயிற்று. 1948ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. இவ்விரண்டும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கின. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றின்படி கிடைக்கும் ஈடு இரந்து பெறும் உதவியன்று, உழைப்பவரின் உரிமை.

எந்திரத்தில் சிக்கி விரல் துண்டானால் அதனைக் கண்டவர் சான்று கூறுவர். மெல்ல மெல்ல வரும் நோய்க்குச் சான்று யார்? இதற்கெனச் சட்டம் தொழில்நோய்ப் பட்டியல் ஒன்றை வகுத்தது. பட்டியலிலுள்ள நோய் அதற்குரிய தொழிலில் உழைத்தவர்க்கு வந்தால், வேலையால் நேர்ந்த காயமாகவே அது கருதப்படும். திண்டுக்கல்லின் பிற தொழில்களுக்கும் இப்பட்டியல் துணை நிற்கிறது. தோலைக் கையாளுவோர்க்கு வரக்கூடிய அடைப்பான் நோயை 1923ஆம் ஆண்டுச் சட்டமே குறித்தது. நூற்பாலையில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் பின்னர் இடம்பெற்றது.

மணிக்கட்டுக் குகை நோயோ இந்தியப் பட்டியலில் இன்னும் பெயர் பெறவில்லை. பிரிட்டனில் அதிரும் கருவிகளைக் கையாளுவோர்க்காக 1993ஆம் ஆண்டிலேயே இது தொழில்நோயாக ஏற்கப்பட்டது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டில் தன் பட்டியலில் இதனைச் சேர்த்தது. இங்கோ, பட்டியலில் இல்லாத நோய் வேலையில் நேர்ந்த குறிப்பிட்ட விபத்தொன்றின் நேர்விளைவு என்று மெய்ப்பித்தால்தான் ஈடு கிட்டும். நீரிழிவு, தைராய்டுக் குறை ஆகியவற்றாலும் இந்நோய் வரும் ஆதலால், மெய்ப்பித்தல் எளிதன்று. வீட்டிலிருந்தே உருப்படிக் கூலிக்குப் பூட்டுச் செய்பவரோ, தம் முதலாளி யார் என்பதையும் முதலில் நிறுவ வேண்டும்.

எனினும் வாளா இருத்தல் அறிவுடைமை ஆகாது. விரல் மரத்த உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். தாம் செய்யும் வேலை இன்னது, செய்த ஆண்டுகள் இத்தனை என்பதை அவரிடம் கூறிச் சீட்டில் பதியச் செய்தல் வேண்டும். நரம்பின் ஓட்டத்தை அளக்கும் சோதனையின் முடிவைப் பேணுதல் வேண்டும். முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, அதன் படியைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். தக்க காலத்தில் எழுதப்பட்ட ஒரு தாள், பின்னாளில் நூறு சொற்களினும் வலியது.

பட்டியல் கல்லில் பொறித்த எழுத்தன்று. அரசு முன்னறிவிப்புத் தந்து அதனை விரிவாக்கச் சட்டத்திலேயே வழியுண்டு. நோயுற்ற ஒவ்வொருவரும் அதனைப் பதிவு செய்தாலன்றோ, ஆள்வோர் அதனை அறிவர்! பிறர் வீட்டுச் செல்வத்தைக் காக்கும் பூட்டைச் செய்யும் கைக்கும் காவல் வேண்டும். அக்காவலைத் தேடித் தருவது கற்றோர் கடமை.

பயிற்சி

1. மணிக்கட்டுக் குகை நோய் எவ்வாறு உண்டாகிறது?
2. தொழில்நோய்ப் பட்டியலால் தொழிலாளர் பெறும் நன்மை யாது?
3. நோயுற்ற தொழிலாளர் ஒருவர், தம் வேலையையும் நோயையும் குறித்து முதலாளிக்கு எழுதும் கடிதம் ஒன்று வரைக.