கூடிக் கற்றலும் கணிப்பொறிக் கல்வியும்

நம் அங்கத்தினர்களில் ஜக்கார்டுப் பெட்டி பூட்டிய தறியில் அமர்வோர் பலர். அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. ‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டே குறிகளால் மயிலும் மாங்காயும் சேலையில் எழுகின்றன. இம்முறையைப் பிரான்சு நாட்டு ஜோசப் ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் செம்மைப்படுத்தினார். பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இத்துளையட்டையையே மேற்கொண்டார். 1843இல் அப்பொறியை விளக்கி எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், அதன் வேலையை ஜக்கார்டுத் தறியின் வேலைக்கு ஒப்பிட்டார். ஆகவே கணிப்பொறியின் முன்னோர் வரிசையில் தறிக்கும் ஓர் இடம் உண்டு.

அவ்வாறாயின், தறி வீட்டுப் பிள்ளை கணிப்பொறி வகுப்பில் அந்நியர்போல் கூசி நிற்பது ஏன்?

சென்ற ஆண்டு நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், கணக்குப் புத்தகங்களை மூடும் வரை ஓர் அங்கத்தினர் காத்திருந்தார். அவருடைய மகள் அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி புகுந்தவள். பொறியியல் முதலாண்டில் கணிதத்திலும் நிரல் எழுதும் பாடத்திலும் தவறி, வீடு திரும்பிவிட்டாள். “தறிக்கே வந்துவிடட்டும் ஐயா, அந்தப் படிப்பு அவளுக்கு வராதுபோல் இருக்கிறது” என்றார். அன்று நாம் ஆறுதல் கூறினோமேயன்றித் தக்க மறுமொழி கூறவில்லை. கூறியிருக்க வேண்டியதை ஈண்டு எழுதுகிறோம்.

1. பெர்க்கிலியில் கண்ட உண்மை

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், 1970களில், கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதப் பாடத்தில் தவறினர். அப்பாடத்தில் தவறியவர்க்குப் பொறியியலின் கதவு அடைபட்டது. அவர்கட்கு ஊக்கமில்லை, பள்ளிப் பயிற்சி போதாது, வீட்டில் ஆதரவில்லை, வருவாய் குறைவு என்று ஆசிரியர்கள் பலவாறு காரணம் கூறினர்.

யூரி டிரைஸ்மன் என்னும் ஆராய்ச்சியாளர் இக்காரணங்களை அப்படியே ஏற்கவில்லை. கறுப்பின மாணவர் இருபதின்மரையும் சீன வம்சாவளி மாணவர் இருபதின்மரையும் அவர்கள் படிக்கும் இடத்திற்கே சென்று கவனித்தார். கூறப்பட்ட காரணங்களுள் எதுவும் நிலைபெறவில்லை. கறுப்பின மாணவரும் ஒழுங்காக உழைத்தனர். பெற்றோரும் துணை நின்றனர். ஆயினும் அவர்கள் தனித்தே படித்தனர். சீன வம்சாவளி மாணவரோ தனியே படித்தபின் ஒன்றுகூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். எல்லாருக்கும் வராத கணக்கு எதுவென்று கூட்டத்தில் தெரிந்துவிடும். தனித்திருப்பவனோ, கடினம் கணக்கினுடையது என்று அறியாமல், குறை தன்னுடையது என்று எண்ணி மனம் தளர்வான்.

இதனைக் கண்ட டிரைஸ்மன் 1970களின் இறுதியில் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். பின்தங்கியோரைத் தேற்றும் எளிய வகுப்பாக அதனை அவர் அமைக்கவில்லை. பாடத்திலும் கடினமான கணக்குகளைத் தந்து, சிறு சிறு குழுவாக அமர்ந்து விடை காணச் செய்தார். அதில் சேர்ந்த மாணவர் தெளிவாக உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். இம்முறை பிற கல்லூரிகளுக்கும் பரவியது.

2. வகுப்பைப் பிரித்த கல்லூரி

அதே கலிபோர்னியாவில் ஹார்வி மட் கல்லூரி உள்ளது. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கணிப்பொறி இயலை முதன்மைப் பாடமாகக் கொண்டவருள் பெண்கள் பத்தில் ஒருவரே. வீட்டில் முன்பே நிரல் எழுதிப் பழகியவர்கள் வகுப்பில் முந்திப் பேச, புதியவர்கள் வாய் திறக்க அஞ்சினர். எனவே முன்பழக்கம் உடையோரையும் இல்லாதோரையும் வெவ்வேறு பிரிவில் அமர்த்தினர். முதலாண்டு முடிந்ததுமே மாணவியர்க்கு ஆராய்ச்சிப் பணியில் வாய்ப்பளித்தனர். சில ஆண்டுகளிலேயே பெண்களின் பங்கு பத்தில் நான்காக உயர்ந்தது. தேர்வின் தரத்தைத் தாழ்த்தி இதனை அவர்கள் பெறவில்லை.

3. நம் மாநிலமும் நம் சங்கமும்

அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கும் சட்டம் 2021இல் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்றது. இளைஞர் திறன் வளர ‘நான் முதல்வன்’ திட்டம் 2022இல் தொடங்கியது. வாயில் திறந்தது நன்றே. உள்ளே சென்ற பிள்ளை முதலாண்டில் கால் ஊன்றி நிற்பதற்கோ அருகில் இருப்போர் துணை வேண்டும்.

இது நமக்குப் புதிதன்று. 1844இல் ராச்டேலில் கூட்டுறவுக் கடை கண்ட முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தை அவர்கள் பின்னர் மேற்கொண்டனர். நம் சங்கங்கள் செய்யத்தக்கவை வருமாறு:

(அ) கல்லூரி செல்லும் அங்கத்தினர் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைச் சங்கத்தில் வைத்தல்.

(ஆ) விடுமுறை நாட்களில் சங்கக் கட்டடத்தில் நால்வர் ஐவராக அமர்ந்து கணக்குப் போட இடமளித்தல். முதலில் அவரவர் தனியே முயன்ற பின்னரே கூட வேண்டும். பார்த்து எழுதுதல் கூடிக் கற்றல் ஆகாது.

(இ) மேல்வகுப்பில் பயிலும் நம் பிள்ளை ஒருவரை அக்குழுவுக்குத் துணையாக அமர்த்துதல்.

(ஈ) துணைவிதிகள் இடந்தருமாயின், பொது நல நிதியிலிருந்து ஒரு கணிப்பொறி வாங்கிப் பொதுவில் வைத்தல்.

மேற்கண்ட அங்கத்தினரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். அவர் மகள் கல்லூரிக்குத் திரும்பியுள்ளாள். அடுத்த தெருப் பிள்ளைகள் இருவருடன் ஞாயிறுதோறும் சங்கத் திண்ணையில் அமர்ந்து படிக்கிறாள். தவறிய பாடங்களின் தேர்வு இனிமேல்தான் வருகிறது. முடிவு எதுவாயினும், படிப்பு வராது என்னும் சொல்லை அவள் தந்தை இப்போது கூறுவதில்லை.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. கறுப்பின மாணவர் தவறியதற்கு ஆசிரியர்கள் கூறிய காரணங்கள் யாவை? அவை ஏன் நிலைபெறவில்லை?

2. கடினமான கணக்குகளைத் தந்தது ஏன் பயன் அளித்தது?

3. நம் சங்க அங்கத்தினர் பிள்ளைகளுள் கல்லூரியை இடையில் விட்டவர் எத்தனை பேர்? அவர்கள் இல்லத்திற்கு யார் செல்வது?