ஆங்கிலப் பதச் செல்வம் பெருக்கும் வழி
(சர்வகலாசாலைப் பிரவேசத்துக்குப் படிக்கும் மாணவ மாணவியருக்கு)

நமது பேராக் மாநிலத்தில் ஐந்தாம் படிவமும் ஆறாம் படிவமும் தேறிய பிள்ளைகள் சிலர், மற்றப் பாடங்களில் நல்ல புள்ளிகள் பெற்றும், ஆங்கிலம் ஒன்றினால் விரும்பிய துறையில் சேர முடியாமல் நிற்பதைக் காண்கிறோம். தோட்டம் கைமாறிய பின் ஈப்போ, கம்பார், சுங்கை சிப்புட் முதலிய ஊர்களின் ஓரத்தில் வந்து குடியேறிய குடும்பங்களில் இது அதிகம். வீட்டில் தமிழ், இடைநிலைப் பள்ளியில் மலாய். ஆங்கிலம் பேசிப் பழக ஆளில்லை. இது அறிவுக் குறைவன்று, பதக் குறைவு. கடைக்காரன் பாஷையில் சொன்னால், தராசு சரியாக இருக்கிறது, சரக்குத்தான் போதவில்லை. அந்தச் சரக்கைச் சேர்க்கும் வழியை இங்கே கவனிப்போம்.

பரீட்சை கேட்பது என்ன?

நம் நாட்டு அரசாங்கச் சர்வகலாசாலைகளில் பட்டப் படிப்புக்குச் செல்வோர் ‘மூயட்’ என்னும் ஆங்கிலப் பரீட்சையை எழுத வேண்டும். மலேசியப் பரீட்சை மன்றம் 1999ஆம் ஆண்டு முதல் இதை நடத்தி வருகிறது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு தாள்கள். 2021ஆம் ஆண்டு முதல் நான்குக்கும் சம மதிப்பு. தாளுக்கு 90 ஆக மொத்தம் 360 புள்ளிகள். மருத்துவம், சட்டம் போன்ற துறைகளுக்குக் கேட்கப்படும் தரம் உயர்ந்தது.

இந்த நான்கில் எதற்கும் பதப் பொருளுக்கென்று தனிக் கேள்வித்தாள் கிடையாது. ஆயினும் பதம் தெரியாதவன் நான்கிலும் தடுமாறுவான். ஆகவே பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அகராதியைத் தலைகீழாகப் பாடம் பண்ணுவதால் பயனில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

எந்தப் பதங்கள்?

ஆங்கிலத்தில் பதங்கள் லட்சக்கணக்கில் உண்டு. அத்தனையும் வேண்டியதில்லை. வங்காளத்து டாக்காவில் கல்வித் துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், மிக அவசியமான சுமார் 2,000 பதங்களைத் திரட்டி 1953இல் வெளியிட்டார். அவை பெரும்பாலும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவையே.

அதற்கு அடுத்த படிதான் முக்கியம். நியூசிலாந்து நாட்டு வெலிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார், பல துறைக் கல்வி நூல்களைப் பரிசோதித்து, அவற்றில் அடிக்கடி வரும் 570 பதக் குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். கல்வி நூல்களில் வரும் நூறு பதங்களில் ஏறக்குறைய பத்து இப்பட்டியலைச் சேர்ந்தவை. தினம் மூன்று வீதம் படித்தால் 190 நாளில் பட்டியல் முடிந்துவிடும்.

மலாய் கொடுக்கும் கை

570 என்றதும் மலைக்க வேண்டாம். இதில் ஒரு பகுதியை நம் பிள்ளைகள் ஏற்கெனவே மலாயில் படித்திருக்கிறார்கள். பட்டியலின் முதற் பிரிவிலுள்ள 60 பதங்களை மட்டும் பாருங்கள். கான்செப்ட், ஃபாக்டர், ஸ்ட்ரக்சர், தியரி, பாலிஸி, பிராஸெஸ், ப்ரொஸீஜர், செக்டர் என்று வருகின்றன. மலாய்ப் பாடநூலில் இவையே கொன்செப், ஃபக்தோர், ஸ்த்ருக்தூர், தெயோரி, போலிஸி, ப்ரொஸெஸ், ப்ரொஸெடூர், செக்தோர் என்று இருக்கின்றன. தெரிந்த ஆள், சட்டை மாற்றி வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சட்டை மாற்றத்துக்கும் ஒழுங்கு உண்டு:

1. மலாயில் ‘ஆஸி’ என முடிவது ஆங்கிலத்தில் ‘ஏஷன்’ ஆகும். பொபுலாஸி – பாப்புலேஷன். இம்ப்ளிகாஸி – இம்ப்ளிகேஷன்.

2. ‘இதி’ என முடிவது ‘இட்டி’ ஆகும். குவாலிதி – குவாலிட்டி.

3. ‘இஃப்’ என முடிவது ‘இவ்’ ஆகும். ஒப்ஜெக்திஃப் – அப்ஜெக்டிவ். எஃபெக்திஃப் – எஃபெக்டிவ்.

4. எழுத்துக் கூட்டும்போது மலாயின் ‘கே’ ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஸீ’ ஆகும். ஜெயோகிராஃபி போன்றவற்றில் ‘எஃப்’ எழுத்து ‘பீ, எச்’ என்று இரண்டாகும்.

ஓர் எச்சரிக்கை. மலாயில் ஒரு பதம் இருக்குமிடத்தில் ஆங்கிலத்தில் நாலு இருக்கலாம். எக்கனமி என்பது பொருளாதாரம். எக்கனாமிக் என்பது பொருளாதாரம் சம்பந்தப்பட்டது. எக்கனாமிகல் என்பது சிக்கனமானது. எக்கனாமிஸ்ட் என்பவர் பொருளாதார நிபுணர். நாட்டின் பொருளாதாரப் பிரச்சினையை ‘எக்கனாமிகல்’ பிரச்சினை என்று எழுதினால் அது பிழையாகிவிடும். எனவே ஒரு பதத்தைப் படிக்கும்போது அதன் அண்ணன் தம்பிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேரைப் பிடித்தால் கிளை வரும்

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. காஃப், தே, பே என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிதாபு, காதிபு, மக்தூபு எல்லாம் பிறப்பதை உஸ்தாது சொல்லிக் கொடுத்திருப்பார். கல்லூரியைக் குறிக்கும் மலாய்ப் பதமாகிய மக்தாபும் அதே வேர்தான். ஆங்கிலத்திலும் லத்தீன் பாஷையிலிருந்து வந்த வேர்கள் இவ்வாறே வேலை செய்கின்றன.

‘போர்ட்’ என்னும் வேருக்குச் சுமத்தல் என்று பொருள். உள்ளே சுமந்து வந்தால் இம்போர்ட். வெளியே கொண்டுபோனால் எக்ஸ்போர்ட். ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கானால் டிரான்ஸ்போர்ட். நாட்டைவிட்டு அப்புறப்படுத்தினால் டிபோர்ட். கையில் சுமக்கக் கூடியது போர்ட்டபிள். அதேபோல ‘டிக்ட்’ என்றால் சொல்லுதல். முன்கூட்டிச் சொன்னால் ப்ரெடிக்ட். எதிர்த்துச் சொன்னால் கான்ட்ரடிக்ட்.

‘கிரெட்’ என்றால் நம்புதல். நம்பத் தக்கது கிரெடிபிள். நம்ப முடியாதது இன்கிரெடிபிள். கடைகளில் 555 புஸ்தகத்தில் எழுதும் கடனுக்குக் கிரெடிட் என்று பெயர் வந்ததும் இதனால்தான். நம்பித்தானே கொடுக்கிறோம்!

ஆனால் வேர் சொல்வது ஊகம், தீர்ப்பு அகராதியுடையது. பங்கு என்று பொருள்படும் ‘போர்ஷன்’ பார்வைக்கு ‘போர்ட்’ குடும்பம் போலிருந்தாலும் அந்த வேரில் பிறந்ததன்று.

கூட்டாளியோடு படியுங்கள்

ஒவ்வொரு பதத்துக்கும் கூட்டாளிப் பதம் உண்டு. கடுந்தேநீரை ஆங்கிலேயர் ‘ஸ்ட்ராங் டீ’ என்பர்; ‘பவர்ஃபுல் டீ’ என்று சொல்வதில்லை. பெருமழை ‘ஹெவி ரெய்ன்’; ‘பிக் ரெய்ன்’ அன்று. முடிவு செய்வதற்கு ‘மேக்’ என்ற வினையே வரும், ‘டூ’ வராது. அர்த்தத்தை மட்டும் படித்தவன் இவ்விடத்தில்தான் அகப்பட்டுக் கொள்கிறான்.

மறவாதிருக்கும் உபாயம்

படித்ததை உரிய இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நினைவில் தங்கும். இதை ஜெர்மன் தேசத்து எபிங்ஹௌஸ் 1885இலேயே எழுதினார். 1972இல் லைட்னர் என்பவர் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். காலி பிஸ்கோத்து டின் ஒன்றை ஐந்து அறையாகத் தடுங்கள். அட்டைத் துண்டின் முன்புறம் பதம். பின்புறம் தமிழ்ப் பொருள், மலாய்ப் பதம், குடும்பம், ஒரு வாக்கியம். எல்லா அட்டையும் முதல் அறையில் ஆரம்பிக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். பழைய பாடம் ஒப்பிக்காமல் புதிய பாடம் கொடுக்காத உஸ்தாதின் வழக்கமும் இதே யுக்திதான்.

இத்துடன் தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசியுங்கள். நூறு பதத்தில் ஐந்துக்கு மேல் தெரியாவிட்டால், அந்நூலை வைத்துவிட்டு எளியதை எடுங்கள். எழுத்துத் தாளின் இரண்டாவது வினா குறைந்தது 250 பதங்களில் கட்டுரை கேட்கிறது. அங்கே பெரிய பதங்களை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டாதீர்கள். பொருளும் கூட்டாளியும் நிச்சயமாகத் தெரிந்த பதத்தையே போடுங்கள்.

பயிற்சி

இவற்றின் ஆங்கில வடிவத்தைச் சொல்லுங்கள்: (1) கொமுனிகாஸி (2) அக்திவிதி (3) பொஸிதிஃப் (4) ஸிதுவாஸி.

விடை: (1) கம்யூனிகேஷன் (2) ஆக்டிவிட்டி (3) பாஸிட்டிவ் (4) ஸிச்சுவேஷன்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

“எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே, எப்படி உதவுவது?” என்று கேட்க வேண்டாம். அட்டையைக் கையில் பிடித்து, பின்புறத்துத் தமிழைப் பிள்ளையிடம் கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை. மஃரிபுக்குப் பின் இருபது நிமிஷம் டெலிவிஷனையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு அத்தாவோ அம்மாவோ எதிரே உட்கார்ந்தால் போதும். டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். பால்மரம் வெட்டிப் படிக்கவைத்த பாட்டன்மார் வாசலிலேயே நின்ற சர்வகலாசாலைக்குள் பேரப்பிள்ளைகள் நுழையட்டும். இன்றைக்கே மூன்று அட்டை எழுதுங்கள்.