செல்போன் பேட்டரிக்குள் ஒரு கிரிவலம்

நம்ம வீட்டு செல்போன் பேட்டரிக்குள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்ப்போய் வருகின்றன. நடுவில் இருக்கும் உப்புக் கரைசலுக்கு மின்பகுளி என்று பெயர். மயில்துத்தக் கரைசல் மாதிரிதான், ஆனால் இதில் தண்ணீர் கிடையாது. அயனியை நம் லேப் மைக்ராஸ்கோப்பில்கூடப் பார்க்க முடியாது. அப்புறம் அது நகர்ந்த தூரத்தை எப்படி அளப்பது?

காந்தத்தால்! ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே தத்துவம்தான். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்பார்கள். லித்தியத்தின் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால் பம்பரம் தலையாட்டுகிற மாதிரி ஆடும். காந்தப்புலம் கூடின இடத்தில் வேகமாகவும் குறைந்த இடத்தில் மெதுவாகவும் ஆடும்.

கிரிவலப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திரலிங்கத்தில் நிற்பவர் கையில் கயிறு 1 சுற்று, அக்னிலிங்கத்தில் 2, எமலிங்கத்தில் 3 என்று சுற்றிவிடுகிறோம். கொஞ்ச நேரம் கழித்து அவரவர் நிற்கும் இடத்துக்கு உரிய சுற்றை அவிழ்க்கிறோம். நகராதவர் கயிறு முழுசாக அவிழ்ந்துவிடும். நகர்ந்தவருக்குக் கணக்கு இடிக்கும். காந்தப்புலத்தை ஒரு பக்கம் கூட்டி, ஒரு பக்கம் குறைத்து இதையே அயனிகளுக்குச் செய்கிறார்கள். கணக்கு இடித்தால் சைகை குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து நகர்ந்த தூரம் தெரியும். 1965ல் ஸ்டெஜ்ஸ்கல், டானர் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. அதற்கு முன்பே 1951ல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் இந்த ஒத்ததிர்வை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். உப்பில் லித்தியத்துக்கு ஜோடியாக ஃபுளூரின் உள்ள எதிர் அயனி இருக்கிறது. லித்தியத்துக்கு ஒரு ரேடியோ அலைவரிசை, ஃபுளூரினுக்கு வேறு அலைவரிசை. அதனால் இரண்டையும் தனித்தனியாக அளக்கலாம். அளந்தால், உருவத்தில் பெரிய எதிர் அயனிதான் வேகமாக ஓடுகிறது! லித்தியம் சின்னதுதான், ஆனால் கரைப்பான் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொண்டே போகிறது. கிரிவலத்தில் வீட்டுக் கடைசிப் பிள்ளை எல்லார் செருப்புப் பையையும் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி.

இப்படிப்பட்ட மின்வேதியியலுக்கென்றே நம் மாநிலத்தில், காரைக்குடியில், 1953ல் திறந்த மத்திய ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அங்கே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிறது.

லித்தியம் பின்தங்குவதால் அவசரமாக சார்ஜ் ஏற்றும்போது ஒரு பக்கம் உப்பு சேர்ந்து மறு பக்கம் குறைந்துவிடும். ரொம்ப அவசரப்பட்டால் லித்தியம் முனைக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும். அது ஊசி மாதிரி வளர்ந்து மறு முனையைத் தொட்டால் பேட்டரி தீப்பிடிக்கலாம். லித்தியத்தை வேகமாக நடக்கவிடும் மின்பகுளியைத்தான் இப்போது தேடுகிறார்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி