காதுக் கருவி தெரிந்தெடுக்கும் முறை

கண்ணுக்கு இமையென்னும் கதவு உண்டு. வாய்க்கு உதடு உண்டு. செவிக்கோ அடைப்பென ஒன்றும் இல்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருந்து நம்மைக் காக்கின்றது. திருவள்ளுவரும் 'கேள்வி' என ஓர் அதிகாரம் வகுத்துச் செவியின் பெருமையைப் போற்றினர். இத்தகைய செவியினுள் நாள்தோறும் சில மணி நேரம் செருகப்படும் சிறு கருவியொன்று இன்று நம் மாணாக்கரிற் பெரும்பாலோரிடம் காணப்படுகின்றது. கம்பித் தொடர்பின்றிக் கைப்பேசியிலிருந்து ஒலியைப் பெற்றுத் தருகின்ற 'இயர்பட்ஸ்' என்பதே அது. வாங்குவோர் அதன் நிறத்தையும் விலையையும் ஓசைப் பெருக்கத்தையும் ஆராய்கின்றனர். தம் செவிக்கும் தாம் உலவும் இடத்திற்கும் அது பொருந்துமா என்று ஆராய்வோர் சிலரே. ஆதலின், தேகப்பயிற்சிக்கும் அன்றாடக் கேள்விக்கும் உரிய கருவியைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ஒலியைப் பற்றி ஆராய நம் ஊருக்குத் தனியுரிமை உண்டு என்னலாம். ஒலியியலிலும் பெரும்புகழ் எய்திய சர் சி. வி. இராமன், 1888 நவம்பர் 7ஆம் நாள், திருவரங்கத்தோடு ஒரே தீவில் அமைந்த திருவானைக்காவில் பிறந்தவர். 1939 மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் ஒரு வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து பலர் அமர்ந்து கேட்டனர். ஒலி மிகுந்தால் பக்கத்தில் இருப்போரே குறைக்கச் சொல்வர். இக்காலத்திலோ ஒருவன் செவியில் ஒலிப்பதைப் பிறர் அறியார். அவனைத் தடுத்துச் சொல்வாரும் இல்லை. எனவே, முன்னர்ப் பலர் செய்த காவலை இப்போது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

முதலில் இக்கருவி தொழிற்படும் விதத்தை அறிவோம். ஒவ்வொரு பக்கத்துக் கருவியிலும் வானொலி அலையைப் பெறும் உறுப்பு ஒன்றும், ஒலியெழுப்பும் சிறு தகடு ஒன்றும், லித்தியம் மின்கலம் ஒன்றும் அடங்கியுள்ளன. கைப்பேசிக்கும் கருவிக்கும் இடையே தூது செல்வது புளூடூத் என்னும் முறை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனின் சிறப்புப் பெயரே இதற்கு இடப்பட்டது. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளைக் கையாளுகின்றது. இவ்வலைகளை நீர் விழுங்கும். நம் உடலோ பெரும்பகுதி நீராலாயது. அறையினுள் சுவர்களிற் பட்டுத் திரும்பும் அலைகள் உடலைச் சுற்றிக்கொண்டு செவியை அடையும். சுவரில்லாத காவிரி மணலிலோ, அகன்ற மைதானத்திலோ அவ்வுதவி கிடையாது. ஆகவே, வீட்டில் தடையின்றிப் பாடிய கருவி வெட்டவெளியில் விட்டுவிட்டு ஒலிக்கக் காண்பின், உடனே அதனைப் பழுதென்று கருதற்க. கைப்பேசியை வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றிப் பார்க்க. புயத்தில் கட்டிக்கொள்ளினும் நன்று.

இனி, தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம். முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி, 'இதனை எங்கே அணியப் போகின்றோம்? அவ்விடத்தில் வெளியோசை நமக்கு எவ்வளவு வேண்டும்?' என்பதாம். மற்றவை யாவும் இவ்வொரு கேள்வியைப் பின்பற்றி வருவனவே. காதுக் கருவிகள் பெரும்பாலும் இருவகைப்படும். சிலிக்கோன் முனையால் செவித்துளையை அடைத்து நிற்பது ஒருவகை. செவித்துளையை அடையாது வாயிலில் தங்குவதும், செவிமடலைப் பற்றித் தொங்குவதும் மற்றொரு வகை. இவ்விரண்டில் எதனையும் பொதுவாக உயர்ந்ததென்றோ தாழ்ந்ததென்றோ கூறற்கியலாது.

அடைக்கும் வகையின் பயனை மிருதங்கத்தைக் கொண்டு அறியலாம். இராமன் அவர்கள் 1920ஆம் ஆண்டில் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து இந்திய முழவுக் கருவிகளைப் பற்றி 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார். சாதாரணத் தோற்கருவியின் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையாமல் நிற்க, மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கருஞ்சாந்து அம்மேலொலிகளை இசையுறச் செய்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. இடப்பக்கத்துத் தொப்பியோ ரவைப் பசையின் கனத்தால் தாழ்ந்து முழங்குவது. இத்தொப்பியின் முழக்கத்தைக் காதுக் கருவியின் சிறு தகடு எழுப்பவேண்டுமாயின், தகட்டிற்கும் செவிப்பறைக்கும் இடையிலுள்ள காற்று வெளியே கசியாதிருத்தல் வேண்டும். கசிந்தால் தாழ்ந்த ஒலிகளே முதலில் மறையும். ஆதலின் புதிய கருவியைச் சோதிக்க விரும்புவோர், தாம் பலகாலும் கேட்டுப் பழகிய கச்சேரிப் பதிவொன்றின் தனியாவர்த்தனத்தைக் கேட்பாராக. வலந்தலையின் 'நம்' தெளிவாக ஒலித்துத் தொப்பி மட்டும் மெலிந்திருப்பின், கருவியைக் குறை கூறுமுன் சிலிக்கோன் முனையை மாற்றிப் பார்த்தல் தகும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகை முனைகள் பெரும்பாலும் இருக்கும். ஒருவருக்கே வலச்செவிக்கு ஒன்றும் இடச்செவிக்கு வேறொன்றும் பொருந்துதல் உண்டு.

இதற்கு மாறான குற்றமும் ஒன்று உண்டு. விற்பனையைக் கருதிச் சில கருவிகளில் தாழ்ந்த ஒலியை மிகையாகப் பெருக்கிவிடுகின்றனர். கடையில் இரண்டு நிமிடம் கேட்பவருக்கு அம்முழக்கம் இனிக்கும். வீட்டில் சங்கீதம் கேட்கும்போது தம்புராவும் வீணையின் கமகமும் அதனுள் அமிழ்ந்துபோம். மார்கழியில் திருவரங்கத்தில் நிகழும் அரையர் சேவையின் பதிவைக் கேட்க விரும்புவோருக்குப் பாசுரச் சொற்கள் தெளிவாய் விளங்குதலும், கைத்தாளத்தின் ஓசை செவியைக் கீறாது கேட்டலுமே வேண்டுவன. பாடவுரை கேட்கும் மாணாக்கருக்கும் இத்தெளிவே முதன்மையானது.

இரண்டாவதாகத் தேகப்பயிற்சியை நோக்குவோம். விரல்களால் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு சிறிது தூரம் ஓடிப் பாருங்கள். ஒவ்வோர் அடியும் தலைக்குள் இடிப்பது போலத் தோன்றும். உடல்வழி வந்த அதிர்வு வெளியேறும் வாயில் அடைபட்டமையே காரணம். செவியை இறுக அடைக்கும் கருவியை அணிந்து ஓடுவோருக்கும் இவ்விடர் நேரும். அறையில் அமர்ந்து கேட்பவருக்கு இக்குறையில்லை. ஆகையால் ஓடுவோருக்கு அடையாத வகையே பெரும்பாலும் இதமானது. மேலும், குதித்தாலும் குனிந்தாலும் விழாமல் நிற்பதற்குச் செவியின் பின்புறம் வளைந்து பற்றும் கொக்கியுடையது ஏற்றது.

வியர்வையை எண்ணாது கருவி வாங்குதல் நம் ஊருக்குப் பொருந்தாது. கோடையில் 40 பாகை செல்சியஸை எட்டும் வெயில் நம்முடையது. பெட்டியின்மேல் 'ஐ.பி.எக்ஸ்.4' என்பது போன்ற குறியீடு இருக்கும். எக்ஸ் என்பது தூசிக் காப்பினைப் பற்றி ஒன்றும் கூறப்படவில்லை என்பதைக் காட்டும். இறுதி எண் நீர்க்காப்பின் தரத்தைக் காட்டும். 4 எனின் எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 எனின் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 எனின் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினும் கெடாது. பயிற்சிக்கு 4க்குக் குறைந்ததை வாங்கலாகாது. எனினும் இச்சோதனைகள் நன்னீர் கொண்டு செய்யப்படுவன, வியர்வையோ உப்புடையது. அவ்வுப்பு மின்னேற்றும் சிறு தொடுமுனைகளை அரித்துவிடும். ஆதலின் ஓட்டம் முடிந்ததும் கருவியை மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் நீங்கிய பின்னரே பெட்டியுள் வைத்தல் வேண்டும். பெட்டிக்கு நீர்க்காப்புப் பெரும்பாலும் இல்லை என்பதும் நினைவிலிருக்கட்டும்.

மூன்றாவது பொருள் இவையனைத்தினும் பெரியது. கருவி கெட்டால் வேறொன்று வாங்கலாம். உயிர்க்கு மாற்று இல்லை. அண்ணா விளையாட்டரங்கின் ஓடுபாதையில் ஓடுவோனுக்கு வெளியோசை மிகுதியாக வேண்டுவதில்லை. அவனே சத்திரம் பேருந்து நிலையத்தைக் கடந்து, காவிரிப் பாலத்தின் வழியே திருவரங்கம் நோக்கி ஓடுவானாயின், பின்னால் வரும் பேருந்தின் ஓசையே அவனுக்குக் கண்போன்றது. திருவரங்கத்து உத்தர வீதிகளைச் சுற்றி நடப்போர்க்கும் வண்டிகளின் ஓசை காதில் விழுதல் இன்றியமையாதது. திருச்சியிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதை திருவரங்கத்தின் ஊடே செல்கின்றது. தண்டவாளத்தின் அருகே செவியை அடைத்துக்கொண்டு செல்லுதல் ஒருபோதும் தகாது. சாலையில் நடப்போரும் ஓடுவோரும் அடையாத வகையை அணிக. அடைக்கும் வகையே கையிலிருப்பின் ஒரு செவியில் மட்டும் அணிக. வெளியோசையை ஒலிவாங்கி வழியே உள்ளே விடும் ஏற்பாடு சில கருவிகளில் உண்டு. அது பயனுடையதே, ஆயினும் பாட்டின் ஓசையைத் தாழ்த்தினால்தான் அதனாற் பயன். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுங்கால் இவற்றை அறவே நீக்குதல் வேண்டும்.

இனி, பேருந்திலும் இரயிலிலும் பிரயாணம் செய்வோர் நிலை வேறு. அங்கு எஞ்சின் இரைச்சலை வெல்லுதற்பொருட்டு ஒலியை மேன்மேலும் உயர்த்துதலே செவிக்குப் பகை. இதற்கு மருந்தாவது இரைச்சலை அடக்கும் கருவி. வெளியிரைச்சலை ஒலிவாங்கியால் அறிந்து, அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி, ஒன்றையொன்று அழியச் செய்வதே இதன் தந்திரம். பால் லூயக் என்னும் ஜெர்மானியர் 1936இல் இக்கருத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்துத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் என்னும் பேராசிரியர், 1978இல் ஒரு விமானப் பிரயாணத்தின்போது இதனைச் செவிக் கருவியில் அமைக்க எண்ணிப் பின்னர் நிறைவேற்றினார். எஞ்சினும் மின்விசிறியும் போல் தாழ்ந்து தொடர்ந்து வரும் இரைச்சலை இது நன்கு அடக்கும். திடீரென எழும் ஓசையையும் பேச்சையும் அவ்வளவாக அடக்காது. இதனைப் பிரயாணத்தில் பயன்படுத்துவோர் தாழ்ந்த ஒலியிலேயே கேட்டு மகிழலாம். சாலையில் இறங்கியவுடன் நிறுத்திவிடுதல் கடமை.

தாழ்ந்த ஒலியை ஏன் வற்புறுத்துகின்றோம் எனின், செவியின் உட்பகுதியில் நத்தை வடிவான உறுப்பு ஒன்றுளது. அதில் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்புக்கு உணர்த்துகின்றன. பேரொலியால் மாண்ட மயிரணு மனிதனிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. வயது வந்தோர்க்கு வாரத்திற்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் காலம் பாதியாகக் குறையும். 83 டெசிபெல்லில் 20 மணி. 86இல் 10 மணி. 89இல் 5 மணியே. இது ஒரு நாளுக்கன்று, ஒரு வாரம் முழுமைக்கும் என்பதைக் கருதுக. கைப்பேசியின் ஒலியளவை உச்சத்தின் நூற்றில் 60 பங்கிற்கு மேற்போகாது வைத்தல் எளிய வழி. கேட்டு முடித்தபின் காதில் இரைச்சல் தோன்றுமாயின், அளவு கடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அது நீங்காது நிற்பின் செவி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இறுதியாகப் பொருட்செலவைக் குறித்துச் சில சொல்லுவோம். விளம்பரங்களில் '40 மணி நேரம்' எனக் காண்பது பெட்டியில் சேமித்த மின்சாரத்தையும் சேர்த்த கணக்கு. ஒருமுறை அணிந்தால் எத்தனை மணி நேரம் ஒலிக்கும் என்பதைத் தனியே கேட்டறிக. நாளொன்றுக்கு இரண்டு மணி கேட்கும் மாணாக்கருக்கு 5 மணி நேரம் போதுமானது. லித்தியம் மின்கலம் நாளடைவில் தளரும். வெப்பம் அத்தளர்ச்சியை விரைவுபடுத்தும். வெயிலில் நிற்கும் வண்டியினுள் கருவியை விட்டுச் செல்லற்க. பெரும்பாலான கருவிகளில் மின்கலத்தை மாற்ற இயலாது. ஆதலின் மிக உயர்ந்த விலையுள்ளதனை வாங்குவோர் அது சில ஆண்டுகளுக்கே உரியதென்பதை அறிந்து வாங்குக. மெயின்கார்டுகேட் பக்கத்துக் கடைகளிற் பேரம் பேசி வாங்கினும், பி.ஐ.எஸ். பதிவுக் குறியையும் உத்தரவாதச் சீட்டையும் பார்த்து, பில் பெறாமல் திரும்பலாகாது. பிறர் அணிந்ததை அணிதலும், தமதைப் பிறர்க்கு ஈதலும் செவிநோய்க்கு இடந்தரும் என்பதை விடுதி மாணாக்கர் சிறப்பாகக் கருதுக.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். பெரும்பாலும் சாலையில் நடப்பவரும் ஓடுபவரும், அடையாத வகையில், கொக்கியும் 4ஆம் தர நீர்க்காப்பும் உடையதைக் கொள்க. பெரும்பாலும் பேருந்திலும் விடுதியறையிலும் கேட்பவர், செவிக்குப் பொருந்திய முனையும் இரைச்சல் அடக்கும் ஏற்பாடும் உடையதைக் கொள்க. இரண்டிற்கும் ஒன்றே வேண்டுவோர், அடைக்கும் வகையில் வெளியோசையை உள்ளே விடும் ஏற்பாடுடையதைக் கொண்டு, சாலையில் ஒரு செவியைத் திறந்தே வைப்பாராக. இம்மூவரும் கடைக்குச் செல்லுமுன் செலவின்றிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இப்போது கையிலுள்ள கைப்பேசியில் ஒலியின் உச்ச எல்லையைக் குறைத்து அமைத்து, ஒரு வாரம் அவ்வளவிலேயே கேட்டுப் பழகுக. அதன்பின் எக்கருவியை வாங்கினும் செவிக்குத் தீங்கு குறையும்.