உள்ளே போனது எங்கே?

எண்ணெய் சுத்திகரிப்பு, பால், மருந்து, பெயின்ட் ஆலைகளில் இன்று உற்பத்தியை நடத்துவது பெரும்பாலும் மென்பொருள்தான். அதைப் பற்றிய சில நம்பிக்கைகள் உயிரையே வாங்கியிருக்கின்றன.

நம்பிக்கை: கண்ட்ரோல் ரூம் திரையில் தெரிவதுதான் ஆலையில் நடப்பது.

உண்மை: கருவி சொல்வதை மட்டுமே மென்பொருள் திருப்பிச் சொல்லும். 2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில், 170 அடி உயரப் பிரிப்புக் கோபுரம் ஒன்றை மீண்டும் இயக்கினார்கள். அதன் அடியில் ஆறரை அடிக்குத் திரவம் நின்றால் போதும். வெளியேற்றும் வால்வு மூடிக் கிடக்க, மணிக்கணக்கில் திரவம் ஏறிக்கொண்டே போனது. அளவுக் கருவியோ கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே அளக்கக்கூடியது. அதன் அளவுத்திருத்தமும் பிசகியிருந்தது. உள்ளே 158 அடிக்குத் திரவம் நின்றபோது திரை காட்டியது 7.9 அடி, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாக! உள்ளே போகும் அளவு ஒரு திரையில், வெளியே வரும் அளவு இன்னொரு திரையில். இரண்டையும் அருகருகே காட்டியிருந்தால் ஒரு கழித்தல் கணக்கிலேயே குட்டு உடைந்திருக்கும். கடைசியில் நேர்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள்.

அலாரம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்பது அடுத்த நம்பிக்கை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில் டெக்சகோ ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில், இரண்டு ஆப்பரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. எது தலைபோகிற காரியம், எது சில்லறை என்று பிரித்துப் பார்க்க யாரால் முடியும்? அங்கேயும் மூடியிருந்த வால்வைத் திறந்திருப்பதாகத் திரை காட்டியது. போக்கிடம் இல்லாத கலனுக்குள் திரவம் ஏறிக்கொண்டே இருந்தது.

சரக்குக் கணக்கிலும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு: ஏதோ ஒரு ஸ்டாக் மென்பொருள் இருந்தால் எந்த ஆலைக்கும் போதும் என்பார்கள். மின்விசிறி செய்கிறவருக்குச் சரி: ஒரு மோட்டார், மூன்று இறக்கை, எண்ணினால் முடிந்தது. பாலில் அது நடக்காது. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதமும் கொழுப்பற்ற திடப்பொருள் 8.5 சதவீதமும் இருக்க வேண்டும். டேங்கரில் வரும் பாலோ ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே எவ்வளவு கிரீம் எடுப்பது, எவ்வளவு பால்பவுடர் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு பேட்சுக்கும் ஆய்வக அளவை வைத்தே முடிவு செய்ய வேண்டும். எடுத்த கிரீமும் சரக்குதான். அது நெய்க்குப் போகிறது. லிட்டரை மட்டும் எண்ணும் மென்பொருளில் கொழுப்பு காணாமல் போனால்கூடத் தெரியாது. வாங்கப் போகிறவர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, கொழுப்பைத் தனியாகக் கிலோ கணக்கில் வரவு, செலவு வைக்க அதில் வழி உண்டா என்பதைத்தான்.