நெமிலியில் வீடு கேட்டுப் போகுமுன்

பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு. அங்கே வேலைக்கு வருபவர்கள் குடியிருக்கப் பார்க்கும் ஊர்களில் நெமிலியும் ஒன்று.

இங்கே விண்ணப்பப் படிவமெல்லாம் கிடையாது. எங்கே வேலை, என்ன சம்பளம், எத்தனை பேர், இந்த ஊரில் யாரைத் தெரியும் என்று வீட்டுக்காரர் கேட்பதுதான் விண்ணப்பம். அதற்கான பதிலை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுங்கள். வாய்ப்பேச்சில் நாலு பேரைப் பார்த்தவர் உங்கள் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார்.

ஒரு பக்கம் போதும். "கணவன், மனைவி, ஒரு குழந்தை. ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, மாதம் ஒரு வாரம் நைட் ஷிப்ட். ஒரு பைக். வாடகை ஐந்தாம் தேதிக்குள் ஜிபேயில்." இப்படி வெளிப்படையாக இருக்கட்டும். நைட் ஷிப்டை மறைத்துவிட்டு, குடிவந்த பிறகு நள்ளிரவில் கேட்டைத் தட்டினால் முதல் மாதமே மனக்கசப்பு. அசைவம் சமைப்பதும் அப்படித்தான், முதலிலேயே சொல்லிவிடுங்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்றும் சிலர் கேட்பார்கள். பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பேச்சை வேலைக்குத் திருப்பிவிடலாம்.

தாளோடு மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கம்பெனி அடையாள அட்டை நகல், ஆதார் நகல். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் வடிவத்தை யுஐடிஏஐ தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "வாடகைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். இவற்றைவிட எடை கூடியது பழைய வீட்டுக்காரரின் போன் நம்பர். அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். "பாக்கி வைக்கல, நல்ல பையன்" என்று அவர் சொன்னால் புரோக்கரே வேண்டாம்.

ஆடியில் வீடு மாற யாரும் துணியமாட்டார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து, வாடகையைப் பேசிக் குறைத்து, ஆவணியில் பால் காய்ச்சுவதாகச் சொல்லி வைக்க அதுவே நல்ல நேரம்.

அட்வான்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். "பதினொரு மாசம்தானே, எதுக்குங்க பதிவு" என்பார்கள். "எனக்கு அட்ரஸ் புரூஃப் வேணும் அண்ணே" என்று கேளுங்கள், முகம் சுளிக்கமாட்டார். அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள். கரண்டுக்கு யூனிட் கணக்கா, மாதம் இவ்வளவு என்றா, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வரட்டும்.

சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண், சுவர் விரிசல், உடைந்த குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.