தொழில் முதலீடும் வரிச்சலுகையும்: ஆராயும் நெறி

தமிழ் பயிலும் மாணாக்கர் வரியைப்பற்றி ஆராய்வது எற்றுக்கு என நம் கல்லூரித் தோழர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆயினும், வரியும் வரிநீக்கமும் தமிழ்மொழிக்குப் புதியன அல்ல. நம் நாட்டுக் கல்வெட்டுக்களைப் படிப்போர் 'இறையிலி' என்னும் சொல்லைப் பலகாலும் காண்பர். இறை என்பது அரசனுக்குச் செலுத்தும் வரி. அஃது இல்லாத நிலம் இறையிலி. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றமையும் யாவரும் அறிந்ததே. ஆகவே, அரசு தனக்குரிய வரியை விட்டுக்கொடுத்து வேறொரு பயனை நாடுதல் பழைய வழக்கமாம். அவ்வழக்கம் இக்காலத்திற் கொண்ட வடிவையே ஈண்டு ஆராயப் புகுந்தனம். ஒரு நாட்டின் உட்பகுதிகள், தத்தம் எல்லைக்குள் தொழிற்சாலை வருதல் வேண்டி, வரியைக் குறைத்தும் நீக்கியும் கொடுக்கின்றன. அச்சலுகைகளைத் தேர்ந்து அறிவது எவ்வாறு? அவற்றால் ஆவது யாது? இழப்பது யார்? இம்மூன்று வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

இம்முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெரிதும் வளர்ந்தது. 1936-ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாகாணத்து ஆளுநர் ஹியூ ஒயிட் என்பார், பருத்தி ஒன்றையே நம்பி வறுமையுற்ற தம் மாகாணத்தில் வேளாண்மையோடு கைத்தொழிலும் ஒத்து நிற்றல் வேண்டும் எனக் கருதி ஒரு சட்டம் இயற்றுவித்தார். அதன்படி ஊராட்சிகள், மக்களின் வாக்கைப் பெற்று, கடன் பத்திரம் விற்றுத் தொழிற்சாலைக் கட்டடம் எழுப்பிக் கம்பெனிகளுக்கு விடலாயின. பிற மாகாணங்களும் அவ்வழியே சென்றன. இன்று ஏதேனும் ஒரு சலுகைத் திட்டம் இல்லாத மாகாணம் அந்நாட்டில் இல்லை எனலாம்.

சலுகையின் வகைகள்

நம் செய்தித்தாள்கள் 'வரிச்சலுகை' என்னும் ஒரு சொல்லாலேயே பல வேறு பொருள்களைக் குறிக்கின்றன. மயக்கம் பிறப்பது இங்கேதான். ஆராய்வோர் முதற்கண் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். யாம் மூன்று சொற்களைக் கொள்வோம்: விலக்கு, கழிவு, வரவு.

விலக்காவது, ஒரு பொருளோ வருவாயோ வரிக்கு உட்படாது என விடுவது. கழிவாவது, வரி கணக்கிடுமுன் வருவாயிலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள விடுவது. வரவாவது, கணக்கிட்ட வரியிலிருந்தே ஒரு தொகையைச் செலுத்தியதாக வரவு வைத்துக்கொள்வது. பின்னவை இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல் தோன்றினும் அவற்றின் வேறுபாடு பெரிது.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒரு கம்பெனியின் ஆதாயம் 100 இலட்ச ரூபாய். வரி நூற்றுக்கு 25 எனில் செலுத்த வேண்டியது 25 இலட்சம். 20 இலட்சம் கழிவாகக் கொடுப்பின், 80 இலட்சத்திற்கே வரி. அது 20 இலட்சம் ஆகும். கம்பெனிக்கு மிச்சம் 5 இலட்சமே. அதே 20 இலட்சத்தை வரவாகக் கொடுப்பின், 25 இலட்ச வரியில் 20 இலட்சம் நீங்கி 5 இலட்சமே செலுத்த வேண்டியிருக்கும். மிச்சம் முழு 20 இலட்சம்.

இனி, வரவும் இருவகைப்படும். மேற்கூறிய கம்பெனிக்கு ஆதாயம் 40 இலட்சமே எனில், வரி 10 இலட்சம். கையில் உள்ள வரவோ 20 இலட்சம். எஞ்சிய 10 இலட்சம் என் ஆவது? ஒருவகைச் சட்டம் அதனை விட்டொழிக்கும், அல்லது பின்வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்ல இசையும். மற்றொருவகைச் சட்டம் அப்பத்து இலட்சத்தையும் கம்பெனிக்குப் பணமாகவே கொடுத்துவிடும். பின்னதைப் பெயரளவில் வரிச்சலுகை என்றாலும், உண்மையில் அஃது அரசின் கருவூலத்திலிருந்து செல்லும் நன்கொடையே என்க.

ஆராயும் முறை

சொற்பொருள் தெளிந்தபின் ஆராய்ச்சியைத் தொடங்கலாம். அது செல்லவேண்டிய படிகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, இடம். தொழிற்சாலை அமையவுள்ள நிலம் எவ்வெவ் ஆட்சிக்கு உட்பட்டது என அறிதல் வேண்டும். அமெரிக்காவில் ஒரே நிலம் நடுவரசு, மாகாணம், மாவட்டம், நகரம், பள்ளி வட்டாரம் எனப் பல ஆட்சிகளுக்கு உட்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் வரியும் சலுகையும் தனித்தனி. தெருவின் ஒரு பக்கத்திற்கு உரிய சலுகை மறுபக்கத்திற்கு இல்லாமற் போதலும் உண்டு.

இரண்டாவது, சலுகை சட்டப்படி தானே வருவதா, அதிகாரிகள் விரும்பிக் கொடுப்பதா என்பது. முன்னது, நிபந்தனைகளை நிறைவேற்றிய எவர்க்கும் கிடைக்கும். பின்னதோ பேச்சுவார்த்தையிலும் ஒப்பந்தத்திலும் நிற்பது.

மூன்றாவது, காலம். 'இச்சலுகை இன்றேல் இத்தொழில் இங்கு வாராது' என்னும் நிலையிலேயே கொடுக்கப்படுவன பல. ஆகலின் அடிக்கல் நாட்டியபின், அல்லது இடத்தை வெளிப்படையாக அறிவித்தபின் விண்ணப்பிப்பவர் அவற்றை இழப்பர்.

நான்காவது, கடமை. எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு ஊதியம், எத்தனை ஆண்டு என்பன ஒப்பந்தத்தில் எழுதப்பெறும். அவற்றினின்று தவறின் பெற்றதைத் திருப்பிக் கொடுக்குமாறு செய்யும் மீட்பு விதி உளதா என்று நோக்குதல் வேண்டும். கம்பெனிக்கு அஃது ஆபத்து. ஊருக்கு அதுவே காப்பு.

ஐந்தாவது, உண்மை மதிப்பு. ஆண்டுக்கு 10 இலட்சமாகப் பத்து ஆண்டு கிடைக்கும் சலுகையை ஒரு கோடி எனப் பலர் கூறுவர். நூற்றுக்குப் பத்து வட்டி வைத்துப் பார்ப்பின், ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் கிடைக்கும் அத்தொகைகளின் இன்றைய மதிப்பு 61 இலட்சத்திற்குச் சிறிது மேலேயாம். மேலும், அமெரிக்காவில் மாகாணத்திற்குச் செலுத்தும் வரி, நடுவரசின் வருமானவரிக் கணக்கிற் கழிவாகும். மாகாண வரி 100 டாலர் குறைந்தால் அக்கழிவும் 100 குறையும். 2018 முதல் நடுவரசின் கம்பெனி வரி நூற்றுக்கு 21 ஆகலின், கம்பெனியின் கையில் நிற்பது 79 டாலரே.

ஆறாவது, நிலைபேறு. சட்டம் மாறினால் சலுகை என்னாகும் என்பது. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2003-ஆம் ஆண்டில் நடுவரசு, இமாசலப் பிரதேசத்திற்கும் அக்காலத்து உத்தராஞ்சலத்திற்கும் கலால்வரியிற் பத்து ஆண்டு முழுவிலக்கும், வருமானவரியில் முதல் ஐந்து ஆண்டு முழுக்கழிவும் அறிவித்தது. பத்தி, அரித்துவார், பந்த்நகர் முதலிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகின. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தவுடன் அக்கலால் விலக்கு ஒழிந்தது. அதற்கு ஈடாக நடுவரசு தன் பங்கு வரியில் நூற்றுக்கு 58 திருப்பிக் கொடுக்க முன்வந்தது. முழுவதும் வேண்டும் என வழக்கிட்ட கம்பெனிகளின் வேண்டுகோளை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டமன்றத்தின் அதிகாரத்தை முன்னைய வாக்குறுதி கட்டுப்படுத்தாது என்பதே இதன் கருத்து. முதலிடுவோர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

விஸ்கான்சின் காட்டும் பாடம்

இனி ஒரு பெரிய எடுத்துக்காட்டை நோக்குவோம். 2017 ஜூலையில், தைவான் நாட்டு ஃபாக்ஸ்கான் கம்பெனி, விஸ்கான்சின் மாகாணத்தில் 1,000 கோடி டாலர் முதலிட்டு 13,000 பேர்வரை வேலை கொடுப்பதாக வெள்ளை மாளிகையில் அறிவித்தது. அம்மாகாணம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை கொடுக்க அவ்வாண்டு செப்டம்பரிற் சட்டம் செய்தது. ஊதியத்தில் நூற்றுக்கு 17-ஆக 150 கோடி வரையும், முதலீட்டில் நூற்றுக்கு 15-ஆக 135 கோடி வரையும் வரவு. எஞ்சியது விற்பனைவரி விலக்கு. இவ்வரவு யாம் மேலே கூறிய இரண்டாம் வகையினது. உற்பத்தித் தொழிலுக்கு அம்மாகாணம் முன்னரே வருமானவரியைப் பெரும்பாலும் நீக்கியிருந்தமையால், கழிப்பதற்கு வரியே இல்லை. ஆகவே கொடுக்கவேண்டியது பணமே. வேலை ஒன்றுக்கு 2,30,000 டாலர் அளவாகிறது. மாகாண நிதி ஆய்வாளர், கொடுத்தது திரும்பி ஈடாவதற்கு 2042-43 ஆம் ஆண்டுவரை செல்லும் எனக் கணித்தனர்.

நிகழ்ந்தது யாது? 2018-இல் 260 வேலை என்னும் கீழெல்லையையும் கம்பெனி எட்டவில்லை. அவ்வாண்டிற்குரிய வரவு கிட்டவுமில்லை. 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது: முதலீடு 67.2 கோடி டாலர், வேலை 1,454, சலுகை 8 கோடி டாலர் வரை.

இதனில் இருவேறு பாடம் உள. மாகாணம் கொடுப்பதை நிறைவேற்றத்தோடு கட்டியிருந்தது; அதனால் பெருந்தொகை தப்பியது. மௌண்ட் பிளெசன்ட் என்னும் சிற்றூரோ, முன்னதாகவே கடன் வாங்கி நிலமும் சாலையும் நீர்வசதியும் அமைத்தது. அந்நிலத்திற் குடியிருந்த குடும்பங்கள் வீடுகளை விட்டுச் சென்றன. ஒரு குறைந்த அளவு மதிப்பிற்கேனும் கம்பெனி சொத்துவரி செலுத்தும் என்ற விதி இருந்தமையும், 2023-இல் மைக்ரோசாப்ட் கம்பெனி அங்கே நிலம் வாங்கியமையும் அவ்வூருக்கு ஆறுதலாயின. ஆயினும், எழுதிய ஒப்பந்தம் திருந்தலாம். இடித்த வீடு மீளாது.

எல்லைத்தெருப் போட்டி

கான்சாஸ் நகரம் என்னும் பெருநகரப் பகுதி, கான்சாஸ், மிசௌரி என்னும் இரு மாகாணங்களின் எல்லையில் உள்ளது. எல்லையாகிய தெருவைக் கடந்து அலுவலகத்தை மாற்றினாலே சலுகை கிடைக்கும் நிலை பல ஆண்டு இருந்தது. 2011-இல் ஆப்பிள்பீஸ் உணவகக் கம்பெனி தன் தலைமையகத்தைக் கான்சாஸ் பக்கத்திலிருந்து மிசௌரிப் பக்கத்திற்கு மாற்ற முடிவு செய்தது. அதே ஆண்டில் ஏ.எம்.சி. திரையரங்கக் கம்பெனி மிசௌரிப் பக்கத்திலிருந்து கான்சாஸ் பக்கத்திற்கு மாற முடிவு செய்தது. பணியாளர் வாழும் ஊர் அதுவே. உண்ணும் கடை அதுவே. மாறியது வரிக்கணக்கு ஒன்றே. அந்நகரத்து வணிகத் தலைவர் பதினெழுவர், தாமே இப்போட்டியை நிறுத்துமாறு இரு ஆளுநருக்கும் அவ்வாண்டிற் கடிதம் எழுதினர். 2019-இல் இரு மாகாணங்களும் எல்லைப் பெயர்ச்சிக்குச் சலுகை கொடுப்பதில்லை என உடன்பட்டன. எனினும் 2024-இல் கான்சாஸ் மாகாணம், மிசௌரியில் ஆடும் விளையாட்டுக் குழுவினரைத் தன்பால் ஈர்க்க அரங்கம் கட்டும் கடன் பத்திரச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆசை எளிதில் அடங்குவதன்று.

பள்ளிக்கூடத்தின் பங்கு

கல்லூரி மாணாக்கராகிய நம் நெஞ்சைத் தொடும் செய்தி லூயிசியானா மாகாணத்தில் உள்ளது. அமெரிக்காவிற் பள்ளிக்கூடச் செலவில் ஒரு பெரும்பங்கு உள்ளூர் வரியால் வருவது. லூயிசியானாவிலோ 1930-களிலிருந்து, மாகாணத் தலைநகரில் உள்ள ஒரு கழகமே தொழிற்சாலைகளுக்கு உள்ளூர்ச் சொத்துவரி விலக்குக் கொடுத்து வந்தது. இழப்பு உள்ளூர்ப் பள்ளிக்கு. கொடுக்கும் பெருமை மாகாணத்திற்கு. 2016-இல் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ், பள்ளிக் கழகம் முதலிய உள்ளூர் மன்றங்களின் இசைவும் வேண்டும் என ஆணையிட்டார். 2018 அக்டோபரில் கிழக்கு பேட்டன் ரூஜ் ஆசிரியர்கள், எக்ஸான்மொபில் கம்பெனி கேட்ட விலக்கை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம் செய்ய வாக்களித்தனர். 2019 ஜனவரியில் அவ்வூர்ப் பள்ளிக் கழகம் கம்பெனியின் வேண்டுகோளை மறுத்தது. 2024-இல் அடுத்த ஆளுநர் அவ்விதிகளை மீண்டும் மாற்றினார்.

கம்பெனியைக் குறைகூறுவது எம் கருத்தன்று. சட்டம் இசைவதைக் கேட்பது வணிகர் இயல்பு. இழப்போன் ஒருவன், கொடுப்போன் மற்றொருவன் என்னும் அமைப்பே குறைபாடுடையது. இதனை அறிந்தே அரசுக் கணக்குகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்கக் கழகம், 2015-இல் 77-ஆம் விதியை வெளியிட்டது. அதன்படி, ஓர் ஆட்சி தான் கொடுத்த வரித்தணிப்பால் இழந்ததனை மட்டுமன்றி, பிற ஆட்சி கொடுத்ததனால் தான் இழந்ததனையும் கணக்கிற் காட்டுதல் வேண்டும். அதன்பின் பல பள்ளிக் கழகங்களின் இழப்பு எவரும் படிக்கத்தக்க எண்ணாக வெளிவந்தது.

சலுகை இல்லாதிருப்பினும் அத்தொழில் வந்திருக்குமோ? டிமோதி பார்ட்டிக் என்னும் பொருளியலறிஞர் பல ஆராய்ச்சிகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட கணிப்பின்படி, சலுகையால் இடத்தேர்வு மாறியது நூற்றுக்கு 2 முதல் 25 வரையே. எஞ்சியோர் சலுகை இன்றியும் அங்கே வந்திருப்பர், அல்லது அங்கேயே வளர்ந்திருப்பர். துறைமுகம், மின்சாரம், நீர், கல்வி கற்ற தொழிலாளர் ஆகிய இவையே தொழிலை ஈர்ப்பதில் முற்படுவன. அக்கல்வியைக் கொடுக்கும் பள்ளியின் பொருளையே சலுகையாகக் கொடுத்தல், விதைநெல்லை விருந்துக்கு அட்டது போலும்.

முடிவுரை

இதனால் சலுகை முழுவதும் தீது என்று யாம் சாதிக்கவில்லை. பின்தங்கிய நாட்டில் முதல் தொழிற்சாலை எழுவதற்கு அஃது ஊன்றுகோலாகலாம். மலைநாட்டில் எழுந்த தொழில்களே சான்று. ஆயின், அளவும் கால எல்லையும் மீட்பு விதியும் வெளிப்படைக் கணக்கும் உடையதாக அஃது இருத்தல் வேண்டும்.

நம் கல்லூரியினின்று செல்வோருள் சிலர் வணிகராவர். சிலர் அரசியல் அலுவலராவர். சிலர் செய்தித்தாள் எழுதுவர். வணிகர் மேற்கூறிய ஆறு படிகளையும் முறையே ஆராய்க. அலுவலர் இழப்பவரையும் அழைத்து அவர் இசைவைக் கேட்க. செய்தி எழுதுவோர் 'கோடிக்கணக்கில் சலுகை' என்று மட்டும் எழுதாது, அது விலக்கோ, கழிவோ, வரவோ, எத்தனை ஆண்டிற்கு, யார் வருவாயிலிருந்து என்பதனைத் தெளிய எழுதுக. சொல் தெளிந்தாற் கணக்குத் தெளியும். கணக்குத் தெளிந்தால் குடிகள் கேட்க வேண்டுவதைக் கேட்பர். தமிழ் பயில்வார் இவ்வாராய்ச்சியிற் செய்யத்தக்க தொண்டு இதுவே எனக் கருதி இதனை எழுதினம்.